மேல் பட்டன் மட்டும்

கண்காட்சி தொடங்கப் போகிற நேரத்தில் வாலுவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாலு என்பது வீட்டில் வைத்த பெயர். வெளியே அவள் பேர்பெற்ற கலைஞர். ஜன்னல் வழியே பார்த்தால் அம்மா தெருவைக் கடந்து வந்துகொண்டிருக்கிறாள். தனியாக வந்தாலாவது சமாளிக்கலாம். கூடவே டாக்டரம்மா.

அம்மாவுக்குச் சலவைக் கடை. டாக்டரம்மா அதன் முதல் வாடிக்கையாளர். அவர் சொல்லித்தான் பாதித் தெரு அங்கே துணி கொடுக்கிறது. "அடுத்தவங்க துணி நமக்கு நெருப்பு" என்று சொல்லியே நல்ல பெயர் வாங்கியவள் அம்மா. வீட்டுக்குள் நடந்ததோ வேறு. கல்யாணம், போட்டோ, பள்ளிக்கூட விழா, எது வந்தாலும் கடையில் தொங்குவதில் நல்லதாகப் பார்த்து மாட்டிக்கொண்டு போவார்கள். மறுநாள் துவைத்துத் தேய்த்துக் கொடுத்துவிடுவார்கள். ஹேங்கரில் துணி நழுவாமலிருக்க மேல் பட்டனை மட்டும் பூட்டுவது கடைப் பழக்கம். அதே பழக்கத்தில், வீட்டுப் போட்டோக்களிலும் எல்லோருக்கும் மேல் பட்டன் மட்டும் பூட்டியிருக்கும்.

வாலு செய்யும் உருவங்களும் அப்படித்தான். சாயத்தில் முகம், மெழுகில் கை, உடம்புக்கு நிஜத் துணி, பூட்டியிருப்பது கழுத்தில் ஒரே ஒரு பட்டன். 'அடக்கப்பட்ட குரல்' என்று ஒரு விமர்சகர் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார். அவரிடம் போய் ஹேங்கரைப் பற்றிச் சொல்ல அவளுக்கென்ன பைத்தியமா?

நடு அறையில் ஆளுயரத்துக்கு நிற்பது அம்மா. டாக்டரம்மாவின் பச்சைக் கோட்டைப் போட்டுக்கொண்டு அம்மா நிற்கும் பழைய போட்டோவைப் பார்த்து, அதே மாதிரிக் கோட்டை வாலு தைத்து மாட்டியிருந்தாள். மூன்றாவது பட்டன் மட்டும் பழுப்பு. அசல் தொலைந்ததால் அம்மா தைத்துக்கொடுத்த மாற்றுப் பட்டன் அது. அதைக்கூட விடாமல் வைத்தாளே, அதுதான் கொழுப்பு.

அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வேண்டாம் என்பாள் என்று தெரிந்துதான் கேட்கவில்லை. இப்போது மேஜை விரிப்பை உருவி, உருவத்தின் மேல் போர்த்தப் போனாள். அதற்குள் இருவரும் உள்ளே வந்துவிட்டார்கள்.

"எதுக்குடி மூடுற? பாக்கத்தானே வந்தோம்" என்று நிமிர்ந்த அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை.

டாக்டரம்மா பழுப்புப் பட்டனைத் தொட்டுப் பார்த்தார். "இது என் கோட்டு மாதிரியே இருக்கே."

வாலு முந்திக்கொண்டாள். "ஆமா டாக்டரம்மா, கடையில தொங்கினப்போ பாத்தது. சும்மா கற்பனையா அம்மாவுக்கு மாட்டிவிட்டேன்."

டாக்டரம்மா நம்பத் தயாராகத்தான் இருந்தார். அம்மா வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

"கற்பனையெல்லாம் இல்லீங்க," என்றாள் அம்மா. "நான்தான் போட்டேன். இவ ஸ்கூல்ல பரிசு வாங்கின அன்னைக்கு."

"உன்னைப் போய் நம்பினேனே. என் துணியெல்லாம் வாங்கிட்டு வர நாளைக்கே ஆள் அனுப்பறேன்." டாக்டரம்மா விடுவிடுவென்று வெளியேறினார்.

வாலு அம்மா பக்கம் திரும்பினாள். "நான்தான் சமாளிச்சேனே. ஏம்மா சொன்ன?"

"என்னை நடு அறையில நிக்க வெச்சிட்டு, அதையே நீ பொய்யின்னா, அப்புறம் இது எதுக்குடி நிக்குது?"

அம்மாவுக்குக் கோபம்தான். ஆனாலும் எந்தத் துணியையும் உள்பக்கம் திருப்பிப் பார்க்காமல் விட்டவளில்லை அவள். கோட்டின் ஓரத்தைப் பிடித்துத் திருப்பினாள். உள்துணியாக வைத்துத் தைத்திருந்தது, சாயம் போன, பூப்போட்ட ஒரு பழைய கவுன். தூரிகை துடைக்க வேண்டும் என்று வாலு கேட்டு வாங்கிப்போனது.

"இது என்னோடது," என்றாள் அம்மா. கொஞ்ச நேரம் தையலை விரலால் நீவிக்கொண்டிருந்தாள். "அன்னைக்கு நான் இதைப் போட்டுக்கிட்டு வந்திருந்தா, நீ வெக்கப்பட்டிருப்பியா?"

இல்லையென்று சொல்ல வாயெடுத்தாள் வாலு. அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பட்டிருப்பேம்மா."

அம்மா தலையை ஆட்டினாள். மேல் பட்டனைக் கழற்றி, கோட்டை உருவி, உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி மாட்டினாள். வாசலில் ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள்.