மச்சான் மறுத்த நாள்

காலை ஆறே முக்காலுக்குப் போன் அடித்தபோது மச்சான் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு நின்றுகொண்டிருந்தார். எடுக்கவில்லை. எடுத்துத்தான் என்ன ஆகப் போகிறது? அந்த நேரத்தில் அடித்தால் அது அக்கா வீட்டுப் போன். அக்கா வீட்டுப் போன் அந்த நேரத்தில் அடித்தால் அத்தான் எங்கேயோ வசமாக மாட்டிக்கொண்டார் என்று அர்த்தம். மீதி முகத்தையும் நிதானமாக மழித்து முடித்தார். கேமராவுக்கு முன்னால் போய் நிற்கப் போகிற முகம், சுத்தமாகவாவது இருக்கட்டும்.

அடுப்படியிலிருந்து மனைவி கேட்டாள். "வெள்ளைச் சட்டையத் தேய்ச்சு வைக்கவா?"

"வை."

"இந்தத் தடவ என்னவாம்?"

"போனாத்தான் தெரியும்."

அவளும் அதற்குமேல் கேட்கவில்லை. எட்டுத் தடவை கேட்டு அலுத்துப்போனவள்.

முறைப்படி அவரை மச்சான் என்று கூப்பிட வேண்டியவர் அக்கா புருஷன் ஒருவர்தான். ஆனால் அந்த அக்கா புருஷன் பொதுப்பணித் துறை அமைச்சராகித் தொலைத்ததால், கட்சிக்காரர்கள், பத்திரிகைக்காரர்கள், முடிவெட்டுகிறவர் என்று ஊரே அவரை மச்சான் என்றுதான் கூப்பிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் வாக்காளர் பட்டியலில் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

ஆரம்பம் இப்படித்தான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அத்தானின் கார் ஒரு பூக்கடைக்குள் புகுந்தது. ஓட்டியவர் அத்தான், ஓட்டும் நிலையில் இல்லாத அத்தான். அக்கா வந்து அழுதாள். அம்மா இல்லாத வீட்டில் இவருக்குத் தலைசீவிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் அக்கா. அவள் அழுதால் இவருக்குத் தாங்காது. "நான்தான் ஓட்டினேன்" என்று போய்ச் சொல்லிவிட்டார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது, உரிமமும் கிடையாது. இல்லாத உரிமத்தை எப்படி ரத்துசெய்வது என்று அதிகாரிகள் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் காலையில் ஒன்றைக் கொடுத்து மாலையில் அதை ரத்துசெய்தார்கள். வேதியியல் ஆசிரியர் வேலையும் அதோடு போனது. பதிலுக்கு அத்தான் எடை அளவைக் குழுவில் கௌரவ ஆலோசகர் என்று ஒரு பதவி வாங்கிக் கொடுத்தார். ஜன்னல் இல்லாத அறை, ஒரு மேசை, ஒரு மின்விசிறி. இன்றுவரை ஒரு ஜீவன் ஆலோசனை கேட்டு அந்தக் கதவைத் தட்டியதில்லை.

அதற்கப்புறம் வரிசையாக வந்தன. எதிர்க்கட்சித் தலைவரைக் கொச்சையாகத் திட்டிய ஒலிப்பதிவு வெளியானபோது, "அத்தான் குரலில் விளையாட்டாகப் பேசிப் பார்த்தது நான்தான்" என்றார். அன்றிலிருந்து எந்த விசேஷத்துக்குப் போனாலும் அத்தான் மாதிரி பேசிக் காட்டச் சொல்லிக் கழுத்தை அறுக்கிறார்கள். அத்தானின் முனைவர் பட்ட ஆய்வு முழுக்க இன்னொருவர் எழுதியது என்று தெரிந்தபோது, தட்டச்சு செய்கையில் பக்கங்களை மாற்றி வைத்துவிட்டது இவர். ஒரு நடிகைக்கு எழுதிய பதினாறு கடிதங்கள் பத்திரிகையில் வந்தபோது எழுதியதும் இவர்தான். அந்தத் தடவை மட்டும் மனைவி மூன்று மாதம் பேசவில்லை. பொய் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். "பொய்யாவே இருக்கட்டும். எனக்கு ஒரு வரி அப்படி எழுதியிருக்கீங்களா?" என்று கேட்டாள். 

அக்கா வீட்டுக் கூடத்தில் அத்தான் மீசைக்கு மை பூசிக்கொண்டு, காயட்டும் என்று நாற்காலியில் மல்லாந்திருந்தார். தலையில் பூச முடி இல்லாததால் மொத்தச் சிரத்தையும் மீசைக்குத்தான். மை காயும்வரை உதடு அசையக் கூடாது. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டே பேசினார். சுவர் முழுக்க அவர் ரிப்பன் வெட்டும் படங்கள்.

"சின்ன விஷயம் மச்சான். பேப்பரப் பாரு."

பார்த்தார். மலை மேல் ஒரு விருந்தினர் மாளிகை, நீச்சல் குளம், மஞ்சள் நிறத்தில் ஒரு வாத்து மிதவை. மிதவையில் சாய்ந்தபடி முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு வழுக்கைத் தலை. பக்கத்தில் வாயெல்லாம் பல்லாகப் பாலம் கட்டிய காண்டிராக்டர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பாலம் இடிந்து பேருந்தோடு பதினோரு பேர் ஆற்றில் போன அதே நாளில் எடுத்த படம் என்று கீழே தேதி போட்டிருந்தார்கள். அன்று முழுக்க இடுப்பளவு தண்ணீரில் நின்று மீட்புப் பணியைக் கவனித்ததாக அத்தான் சட்டசபையில் தழுதழுத்தது ஊருக்கே ஞாபகம் இருக்கிறது. தண்ணீர் என்னவோ இடுப்பளவுதான். ஆறுதான் இல்லை.

"பின்னாலேருந்து பாத்தா நீயும் நானும் ஒண்ணுதானே" என்றார் அத்தான்.

உண்மைதான். வழுக்கைக்கு ரத்த சம்பந்தம் தேவையில்லை. மச்சான் வழக்கம்போலத் தலையாட்டப் போனார். அப்போதுதான் தேதி அவருக்கு உறைத்தது.

"அத்தான், இது வேணாம்."

மீசை நிமிர்ந்தது. "என்ன வேணாம்?"

"அன்னிக்குத்தான் பாப்பாவுக்கு முதுகெலும்பு ஆபரேஷன். காலைல ஏழு மணிலேருந்து நான் ஆஸ்பத்திரிலதான் இருந்தேன்."

"அது யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். பாப்பாவுக்குத் தெரியும்." பேப்பரை மடித்து வைத்தார். "மத்த நாளெல்லாம் எடுத்துக்கிட்டீங்க, நான் ஒண்ணும் சொல்லல. அவ கத்திக்குக் கீழ கிடக்கும்போது அவ அப்பன் குளத்துல வாத்தோட கிடந்தான்னு நான் சொல்ல மாட்டேன். இந்த ஒரு நாள் என்னோடது அத்தான்."

அக்கா காபியோடு வந்து வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அழுவாள் என்று மச்சான் பயந்தார். அவள் அழவில்லை. அத்தானும் கோபப்படவில்லை. சுவரிலிருந்த படங்களை ஒரு சுற்றுப் பார்த்தார், காய்ந்துவிட்டதா என்று மீசையை விரலால் தொட்டுப் பார்த்தார், அப்புறம் வாயை நன்றாகத் திறந்தே பேசினார்.

"சரி மச்சான். உண்மையையே சொல்லிடு. படத்துல இருக்கறது நான் இல்லைன்னு உன் வாயால நீயே சொல்லிடு."

"நெஜமாவா?"

"உன்ன நான் என்னிக்காவது பொய் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தியிருக்கேனா?"

யோசித்துப் பார்த்தால், கட்டாயப்படுத்தியதே இல்லைதான். மச்சானுக்கு நெஞ்சு லேசானது. அக்கா மட்டும் அவர் முகத்தைப் பார்க்காமல், "தம்பி, பாத்துப் பேசு" என்று காபியை நீட்டினாள். 

பதினொரு மணிக்குக் கட்சி அலுவலகக் கூடம் நிரம்பிவிட்டது. நிருபர்களுக்கு மச்சான் தங்கள் வீட்டு மனுஷர் மாதிரி. ஒருவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார், ஒருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். பாதிப் பேர் "அமைச்சரின் மைத்துனர் வருத்தம்" என்று எழுதியே வைத்துவிட்டு, சாப்பாட்டுக்கு எங்கே போகலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அந்தப் படத்துல இருக்கறது நான் இல்லை" என்றார் மச்சான்.

யாரோ ஒருவர் பழக்கத்தில் "நன்றி சார்" என்று எழுந்துவிட்டு, மறுபடி உட்கார்ந்தார்.  முன்வரிசையில் ஒரு மூத்த நிருபரம்மா. எட்டு ஒப்புதலையும் நேரில் உட்கார்ந்து எழுதியவர். கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு கேட்டார்.

"சார், பதினோரு வருஷத்துல நீங்க எதையுமே மறுத்ததில்லையே. இத மட்டும் ஏன் மறுக்கறீங்க?"

"ஏன்னா இது நான் இல்ல."

"அப்போ மத்ததெல்லாம்?"

 மத்ததெல்லாமும் நான் இல்லை என்றால் அக்கா வீடு போயிற்று. மத்ததெல்லாம் நான்தான் என்றால் இவன் எதைத்தான் செய்யமாட்டான் என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் மென்று விழுங்கிக்கொண்டிருந்தபோது வேர்த்துக் கொட்டியது. பொய் சொன்ன எட்டுத் தடவையும் ஒரு பொட்டு வேர்த்ததில்லை. பொய்க்கு ஒத்திகை இருந்தது. உண்மைக்கு யார் ஒத்திகை பார்த்தார்கள்? கேமராக்காரர்கள் அந்த வேர்வையை ஒரு சொட்டு விடாமல் எடுத்தார்கள். மகளின் ஆபரேஷன், ஆஸ்பத்திரி, காத்திருந்தது எல்லாவற்றையும் அவசர அவசரமாக, முன்னும் பின்னுமாகச் சொன்னார். அதனாலேயே அது ஜோடித்த கதை மாதிரி இருந்தது.

எல்லாப் பழியையும் சிரித்துக்கொண்டே ஏற்ற மனுஷன் இதற்கு மட்டும் இப்படிப் பதறுகிறான் என்றால், நிஜமாகவே இவன் செய்தது இது ஒன்றாகத்தான் இருக்கும். கூடம் மொத்தமும் ஒரே நேரத்தில் அந்த முடிவுக்கு வந்ததை மச்சான் கண்ணால் பார்த்தார்.

திரும்பும் வழியில் தேநீர்க் கடைத் தொலைக்காட்சியில் அத்தான் தெரிந்தார். வீட்டு வாசலில், மீசை கருகருவென்று மின்ன, மைக்குகளுக்கு முன்னால் கைகூப்பி நின்றார். "இது குடும்ப விஷயம். மச்சான் மனசு சரியில்லாம இருக்கார். அவர நான் மன்னிச்சுட்டேன்" என்றார். கடைக்காரர் தொலைக்காட்சியையும் மச்சானையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தேநீரை நீட்டினார். காலையில் அத்தான் ஏன் கோபப்படவில்லை, அக்கா ஏன் முகத்தைப் பார்க்கவில்லை என்பதெல்லாம் அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. ஆத்திரப்படக்கூடத் தெம்பில்லை. பாதித் தேநீரை வைத்துவிட்டு நடந்தார். போகட்டும், ஊர் என்னவோ சொல்லிக்கொள்ளட்டும். பாப்பாவுக்குத் தெரியும்.

சாயங்காலம் வீட்டில் மகள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். இருபது வயது, கல்லூரியில் கணிதம் படிக்கிறாள். எதிரே ஆஸ்பத்திரிக் கோப்பு விரித்திருந்தது. பக்கத்தில் ஒரு தாள், பென்சில்.

"அப்பா, கோச்சுக்காதீங்க. ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"ஏழே காலுக்கு நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க. ஒண்ணரைக்கு என்னைய வெளிய கொண்டுவந்தப்ப நீங்க நின்னீங்க, எனக்கு ஞாபகம் இருக்கு. ஆபரேஷன் எட்டே காலுக்கு ஆரம்பிச்சது. அஞ்சே கால் மணி நேரம்." பென்சிலால் தாளைத் தட்டினாள். "அந்த மலைக்குப் போயிட்டு வர நாலு மணி நேரம்தான்பா ஆகுது."

மச்சான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"அம்மாவுக்குக் கண் வலின்னு உள்ள விடல, வீட்ல இருந்தாங்க. மூணு தடவ உங்களுக்குப் போன் பண்ணாங்களாம், ஆஃப்ல இருந்துச்சாம்."

"ஆஃப் பண்ணணும்னு அங்க போர்டு போட்டிருந்தாங்கம்மா. அதோட அத்தான் கூப்பிட்டுடுவாரோன்னு எனக்குப் பயம்."

"சரி." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "நான் மயக்கத்துல இருந்தேன்பா. நடுவுல நீங்க எங்கயும் போகலல்ல?"

நாற்பது மைக்குகள் கேட்டபோது வலிக்காதது இப்போது வலித்தது.  பதினோரு வருஷப் பழக்கத்தில் "தப்பு என்னோடதுதான்" என்ற வாக்கியம் நாக்கு நுனிவரை வந்து நின்றது. அதை விழுங்கினார்.

"போகலம்மா. பச்சை நாற்காலி ஒண்ணு, கதவுப் பக்கத்துல, உக்கார்ற இடத்துல கிழிஞ்சிருக்கும். அதுலதான் உக்காந்திருந்தேன். நேரம் நகரவே மாட்டேன்னுச்சு. கால் மணிக்கு ஒரு கோடு, வீட்டுச் சாவியால கைப்பிடிக்கு அடியில கீறிக்கிட்டே இருந்தேன். குனிஞ்சு பாத்தாத்தான் தெரியும்."

அவள் பென்சிலை எடுத்தாள். எழுத வேண்டிய அவசியமே இல்லை, அவ்வளவு சின்னக் கணக்கு.

"அப்ப இருபத்தியோரு கோடு இருக்கணும்."

"எண்ணல. கால் மணிக்கு ஒண்ணு, அவ்வளவுதான் தெரியும்."

"நாளைக்குக் காலைல போய்ப் பாக்கலாமாப்பா?"

"போலாமே" என்றார் உடனே. அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. கோப்பை மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

மச்சான் அங்கேயே உட்கார்ந்திருந்தார். காலையில் அத்தான் வீட்டுச் சுவரில் பார்த்த ஒரு படம் கண்ணுக்குள் வந்து நின்றது. போன வருஷம் எடுத்தது. அதே ஆஸ்பத்திரி, அதே காத்திருப்புக் கூடம், கதவுக்குக் குறுக்கே ரிப்பன், கத்தரிக்கோலோடு அத்தான், பக்கத்தில் பாலம் கட்டிய அதே காண்டிராக்டர். தலைக்கு மேலே பேனரில் கொட்டை எழுத்து: புதுப்பிக்கப்பட்ட கூடம், முந்நூறு புதிய நாற்காலிகள்.

படத்தில் கதவு மட்டும்தான் தெரிந்தது. உள்ளே என்ன நாற்காலி என்று தெரியவில்லை.

"சட்டையத் துவைக்கப் போடவா?" என்று மனைவி வந்து கேட்டாள். அவர் காதில் விழவில்லை. கண்ணை மூடிக் கையைக் கூப்பியிருந்தார். ஆண்டவா, அத்தான் அந்த முந்நூறு நாற்காலியையும் வாங்காமலே வழக்கம்போலச் சுருட்டியிருக்க வேண்டும். ஒன்றுகூட வாங்கியிருக்கக் கூடாது. அப்படி மட்டும் இருந்துவிட்டால், அந்தப் பழியையும் நானே ஏற்றுக்கொள்கிறேன்.