ஹாஜியாரையும் ஏற்ற வேண்டிய மலை

கல்முனையில் மலை கிடையாது. கடலில் தொடங்கி வயலில் முடிகிற ஊர். மினாராவையும் தண்ணீர்த் தாங்கியையும் விட்டால் அண்ணாந்து பார்க்க ஒன்றுமில்லை. அப்படிப்பட்ட ஊரில், தையல்காரி ஹுஸ்னியா பாடசாலை மண்டபத்தில் மைக்கைப் பிடித்து, "நான் பாவாத மலையில ஏறப்போறன்" என்றபோது சனம் சிரித்ததில் பிழையில்லை. ஆதம் நபியின் காலடி பதிந்ததென்று சொல்லும், ஆயிரக்கணக்கில் படியுள்ள மலை அது. பக்கத்துத் தெருவுக்கே ஆட்டோ பிடிக்கிறவள் அவள்.

அவளுடைய மகள் அஸ்னாவுக்குப் பத்து வயது. தலசீமியா. மாதா மாதம் இரத்தம் ஏற்றினால்தான் பிள்ளை எழும்பி ஓடும். அந்த நோயை ஆராய டொக்டர்மார் சிலர் சேர்ந்திருந்தார்கள். ஆறு லட்சம் கிடைத்தால் இந்த வருடமே தொடங்கலாம், இல்லாவிட்டால் ஃபைலைக் கட்டி வைக்க வேண்டியதுதான் என்றார்கள். நான் மலையேறுகிறேன், நீங்கள் முடிந்ததைத் தாருங்கள் என்று ஹுஸ்னியா கேட்டது அதற்காகத்தான். ஊர் சிரித்துக்கொண்டே ஒரு லட்சம் தந்தது.

முன் வரிசையில் அக்கரைப்பற்று நெல் மில் முதலாளி அபுல் ஹஸன் ஹாஜியார் இருந்தார். நூற்றுப் பத்துக் கிலோ ஆள்.

"புள்ள, நீ உச்சிக்குப் போனாயெண்டா மிச்சம் அஞ்சு லட்சமும் நான் தாறன். போகாட்டி என்ட சாறன் எல்லாத்தையும் ஓசியில தைச்சு மூட்டித் தரணும். பந்தயமா?"

மௌலவி எழும்பினார். "ஹாஜியார், பந்தயம் ஹறாம். வேணுமெண்டா நேர்ச்சையா வைங்க."

சபையே பார்த்துக்கொண்டிருக்க, ஹாஜியாருக்கு வேகம் வந்துவிட்டது. மைக்கைப் பறித்தார். "அல்லாஹ்வுக்காக நேருறன்! இந்தப் புள்ள ஏறினா, அந்த உச்சியிலயே வெச்சு, என்ட கையால, அஞ்சு லட்சம் குடுப்பன்!"

கைதட்டல் அடங்கிய பிறகு அவர் மனைவிதான் கேட்டாள். "உங்கட கை எப்பிடிகா அங்க போகும்?"

மூன்று நாள் ஹாஜியார் மௌலவி வீட்டுக்கு நடந்தார். அடிவாரத்தில் வைத்துக் கொடுக்கலாமா? பாங்கில் போடலாமா? மருமகனை அனுப்பலாமா? மௌலவி தாடியைத் தடவி, "நேர்ந்த மாதிரியே குடுக்கிறதுதான் பேணுதல்" என்று சொல்லிவிட்டு, சிரிப்பதற்கென்றே உள்ளே எழும்பிப் போனாராம்.

ஆக, ஒரு சனிக்கிழமை மலையடிவாரத்தில் விடியச் சுபஹு தொழுத கையோடு மூன்று பேர் ஏறத் தொடங்கினார்கள். ஹுஸ்னியா, அவள் தம்பி வேன்காரன் றிஸ்மி, ஹாஜியார். இரவில் ஏறுவதுதான் எல்லாருடைய வழக்கமும். ஹாஜியாருக்கு இருட்டில் படி தெரியாது என்பதால் பகலில் ஏறினார்கள். காசு அவர் இடுப்பில், ஹஜ்ஜுக்குக் கட்டிப்போன பச்சை பெல்ட்டுக்குள் இருந்தது.

ஹுஸ்னியாவுக்கே அதிசயம். கால் வலிக்கவில்லை! இருபது வருடம் மெஷின் மிதித்த கால்; படியையும் அப்படியே மிதித்துக்கொண்டு போனது. குளிர்காற்று முகத்தில் அடிக்க அடிக்க அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஹாஜியார்தான் கடைக்குக் கடை இஞ்சிப் பிளேன்டீ குடித்து, கடைசியில் உச்சி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், இன்னும் நூறு படி இருக்க, இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு படியில் குந்திவிட்டார்.

"எனக்கு ஏலா. நீங்க போங்க."

"அப்ப காசு?"

"உச்சியிலதான் தருவன். நேர்ச்சை."

"அப்ப ஏறுங்களன்!"

"ஏறமாட்டன்."

"ராத்தா, இவர் ஏறவும் மாட்டாராம், தரவும் மாட்டாராம்" என்று அக்காவிடம் சொன்னான் றிஸ்மி. "பெல்ட்டோட உருட்டிக்கொண்டு போவமா?"

ஹுஸ்னியா மேலே உச்சியைப் பார்த்தாள், கீழே ஹாஜியாரைப் பார்த்தாள். இந்த நூறு படியில் அஸ்னாவின் ஆராய்ச்சி குந்திக்கொண்டிருக்கிறது, சாறனை இறுக்கிக்கொண்டு. அழுகை வரவேண்டிய இடத்தில் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. தொண்டையைத் திறந்தாள்.

"பொலி! பொலியோ பொலி!"

சூடடிக்கிற களத்தில் நெல்லைக் கூட்டும்போது கூவுகிற கூவல் அது. அந்தச் சத்தம் கேட்கிற இடத்தில் 'இல்லை', 'ஏலாது', 'போதும்' என்று எவரும் வாய் திறக்கக்கூடாது. நெல்லின் பறக்கத், அதைப் பெருகவைக்கிற அருள், போய்விடும். நாற்பது வருடம் நெல்லோடு கிடந்த ஹாஜியாருக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டுமா? "ஏ..." என்று தொடங்கியவர் மிச்சத்தை விழுங்கினார்.

"பொலி, ஹாஜியார்!"

"அடி புள்ள, இது களமா?"

"பொலி!"

எழும்பிவிட்டார். றிஸ்மி சால்வையை அவர் இடுப்பில் கட்டி முன்னால் இழுத்தான். பின்னாலிருந்து தள்ள வேண்டும், ஆனால் அந்நிய ஆணைத் தொடவும் கூடாது. இடுப்பு வலிக்காரி ஹுஸ்னியா உட்காருவதற்காக வேனிலிருந்து ஒரு தலையணையைத் தூக்கிவந்திருந்தாள். அதை அவர் முதுகில் வைத்து அமுக்கித் தள்ளினாள். ஒரு படிக்கு ஒரு பொலி. இறங்கி வந்த சிங்களப் பிள்ளைகள் சிலர் இது ஏதோ சாமி வார்த்தை என்று நினைத்து, "பொலி! பொலி!" என்று கூடவே திரும்பி ஏறினார்கள். மலையே களமாகிவிட்டது. ஹாஜியாரின் வாய் நாலு தரம் திறந்து நாலு தரமும் மூடியது. ஐந்தாம் தரம் திறந்தபோது, "பொலியோ பொலி!" என்று அவரே கத்தினார். கடைசிப் பத்துப் படியும் சால்வை தொய்ந்து கிடந்தது. றிஸ்மியை முந்திக்கொண்டு ஏறினார் மனுசன்.

உச்சியில் மேகம் காலுக்குக் கீழே கிடந்தது. ஹாஜியார் மூச்சு வாங்கி, பிஸ்மி சொல்லி, பெல்ட்டைத் திறந்து காசுக் கட்டை எடுத்தார்.

"இந்தா புள்ள. என்ட கையால."

ஹுஸ்னியாவால் கையை நீட்ட முடியவில்லை. தலையணையைப் பிடித்த விரல்கள் விறைத்து அப்படியே பூட்டிக்கொண்டன.

"தலகாணிக்கு மேல வைங்க ஹாஜியார்" என்றாள்.

வைத்தார். மாப்பிள்ளைக்குச் சீதனம் கொண்டுபோகிறவள் மாதிரி அவள் ஐந்து லட்சத்தை ஏந்திக்கொண்டு நின்றாள். கண்ணால் நீர் வழிய வழியச் சிரித்தாள். றிஸ்மி வீட்டுக்கு வீடியோ கோல் எடுத்து அவள் முகத்துக்கு நேரே போனைப் பிடித்தான்.

"உம்மா, மலைய காட்டுங்க!" அஸ்னா கத்தினாள். "என்ன இது, தலகாணிதான் தெரியுது!"

"அதுதான் மலை, மகள்" என்றாள் ஹுஸ்னியா. "நல்லாப் பாருங்க. அதுக்கு மேல இரிக்கிறதப் பாருங்க."