துரைராஜ் பேரில் இருந்த ஷாட்

நெய்வேலி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய தியேட்டரில் வெளியான ஒரு படத்தில், முதல் நாள் நாலு நிமிடம் ஓடிய ஷாட் ஒன்று பத்தாவது நாள் ஒரு மணி நேரத்தைத் தாண்டி ஓடியது. மற்ற ஊர்களில் அதே படம் அதே நாலு நிமிடத்தோடு ஓடி மூன்றாம் நாளே பெட்டிக்குள் போய்விட்டது. கதை சுமார், கேமரா பிரமாதம் என்று பார்த்தவர்கள் ஒரே வாயாகச் சொன்னார்கள். அவர்கள் பிரமாதம் என்றதும் இந்த ஷாட்டைத்தான். கதாநாயகி சுரங்க விளிம்பில் நிற்கிறாள். கேமரா அவள் முகத்தை விட்டு மேலே எழும்பி, தலைக்கு மேல் கடந்து, சிவப்பு மண், மஞ்சள் மண், வெளுத்த மண் என்று அடுக்கடுக்காக இறங்கி, அடியில் கறுப்பாகக் கிடக்கும் நிலக்கரி வரை போய்த் திரும்புகிறது. எங்கும் ஒரு குலுக்கல் கிடையாது. யூடியூபில் விமர்சனம் செய்த ஒருவர் இது கிராபிக்ஸ் என்று சத்தியம் செய்தார்.

கிராபிக்ஸும் இல்லை, டைட்டிலில் பேர் வந்த கேமராமேன் தனியாக எடுத்ததும் இல்லை. எடுத்த கை துரைராஜுடையது. நிலத்தைச் சுரங்கத்துக்குக் கொடுத்துவிட்டு அதற்குப் பதிலாக வேலை வாங்கிய குடும்பம். முப்பத்தொரு வருஷமாக மண் வெட்டும் ராட்சதச் சக்கர எந்திரத்தை ஓட்டுகிறவர். படக்காரர்கள் கொண்டுவந்த கிரேன் முப்பதடிக்கு மேல் எட்டவில்லை. கேமராமேன் பள்ளத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு எந்திரத்தின் நீண்ட கையைக் காட்டி, அதில் கேமராவைக் கட்ட முடியுமா என்று கேட்டார். மேலிடத்தில் அனுமதி வாங்கி, சக்கரத்தை நிறுத்தி, கையின் நுனியில் கேமராவைப் பூட்டினார்கள். கேமராமேன் ஆறு மாடி உயரக் கேபினுக்கு மூச்சு வாங்க ஏறி வந்து, "அண்ணே, தூங்குற கொழந்தய தொட்டில்ல போடுற மாதிரி போவணும்" என்றார். துரைராஜ், "போலாம்" என்றார்.

போனார். கீழே டைரக்டர் 'கட்' என்று கத்தியது அவர் காதில் விழவில்லை. விழுந்திருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டார். சுரங்கத்தில் கீழே நின்று ஆயிரம் பேர் கத்துவார்கள், வாக்கி-டாக்கியில் ஃபோர்மேன் சொன்னால்தான் சொன்னது. அந்த ஃபோர்மேன் கதாநாயகியோடு போட்டோ எடுத்துக்கொள்ளப் போயிருந்தார். படக்காரர்கள் கேமராவைக் கழற்றிக்கொண்டு, பிரியாணி சாப்பிட்டு, வேன் ஏறிப் போய்விட்டார்கள். ரெண்டு மணிக்கு அடுத்த ஷிப்டுக்காரர் கொளஞ்சியப்பன் வந்தார். எந்திரத்தை எந்த நிலையில் ஒப்படைக்கிறோம் என்று எழுதி, வருகிறவர் கையெழுத்துப் போட்டால்தான் முன்னவர் இறங்கலாம் என்பது அங்கே வழக்கம். துரைராஜ் உள்ளதை உள்ளபடி எழுதினார்: எந்திரம் ஓடுகிறது, ஷாட் ஓடுகிறது. கொளஞ்சியப்பன் படித்துப் பார்த்து, முதல் வரிக்கு மட்டும் கையெழுத்துப் போட்டார்.

"மெஷினு என்னுது. ஷாட்டு உன்னுது மாமா, நீயே வச்சிக்க" என்றார். துரைராஜும் சரி என்று இறங்கிவிட்டார். அந்த ஷாட்டை நிறுத்தச் சொல்லி அதற்குப் பிறகு யாரும் சொல்லவில்லை.

ஆகவே படம் வெளியான பிறகும் அது திரையில் ஓடியது. ஒரு ஆட்டத்துக்கு நூறு மீட்டர். காலை ஆட்டத்தில் சுரங்க மேட்டில் முடிந்தது, மதியம் மேட்டைத் தாண்டி நூறு மீட்டர் வந்து நின்றது. அடுத்த ஆட்டத்தில் பழையபடி முதலிலிருந்து ஆரம்பித்து இன்னும் நூறு மீட்டர். தியேட்டர்காரர் சக்கரபாணி விநியோகஸ்தருக்கு போன் போட்டார். "கூட்டம் வருதா? அப்பறம் என்னா, ஓட்டுங்க" என்று பதில் வந்தது. ஊரில் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. தரையையே பெயர்த்து வேறிடத்தில் கொட்டுகிற ஊரில் ஒரு ஷாட் நகர்ந்தால் என்ன?

சுரங்க ஊழியர்கள் குடியிருக்கும் நகரியத்துக்குள் ஷாட் நுழைந்ததும் கூட்டம் பிய்த்துக்கொண்டது. தங்கள் பிளாக் எப்போது வரும் என்று விசாரித்துக் குடும்பத்தோடு வந்தார்கள். வேப்ப மரமும் தண்ணீர்த் தொட்டியும் முருங்கைக்காய் விற்கிறவளும் அந்த ஒளியில் அவ்வளவு அழகாக இருந்தது அவர்களுக்கே அப்போதுதான் தெரிந்தது. உடம்புக்கு முடியவில்லை என்று லீவு எழுதிக் கொடுத்த ஒரு கிளார்க் டீக்கடையில் மசால்வடை தின்பது திரையில் தெரிந்து மாட்டிக்கொண்டார். படம் நீண்டுகொண்டே போனதால் சக்கரபாணி முதலில் சண்டையை வெட்டி எடுத்தார், பிறகு காமெடியை எடுத்தார், கடைசியில் கதாநாயகனையே எடுத்துவிட்டார். ஒருத்தரும் கேட்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் ஷாட் நகரியத்தின் வாசலான ஆர்ச் கேட்டுக்கு வந்தது. வலதா இடதா என்று டீக்கடையில் பந்தயம் நடந்தது. முதல் ஷிப்டு முடிந்து மதிய ஆட்டத்துக்கு வந்து உட்கார்ந்த துரைராஜுக்கு மட்டும் பந்தயம் தேவைப்படவில்லை. கேமரா பண்ருட்டிப் பக்கம் திரும்பியபோது அவர் வலது கை மடியில் தானாகத் திரும்பியது. பக்கத்தில் இருந்த கொளஞ்சியப்பன் அதைப் பார்த்துவிட்டார்.

"மாமா, இது சரிதா வூட்டுக்குல்ல போவுது."

"அது போவுது. நான் என்னா பண்ண?" என்றார் துரைராஜ்.

சரிதா அவருடைய ஒரே பெண். ஆறு வருஷத்துக்கு முன்னால், காண்ட்ராக்ட் எலக்ட்ரீஷியன் அறிவுச்செல்வனைக் கட்டிக்கொண்டு முத்தாண்டிக்குப்பம் தாண்டி ஒரு ஊர்க் காலனிக்குப் போய்விட்டாள். பையன் நல்லவன், குடிக்க மாட்டான், வேலையில் கெட்டிக்காரன் என்பதெல்லாம் துரைராஜுக்கே தெரியும். காலனி என்பதும் தெரியும், மற்றதையெல்லாம் அது அடித்துக்கொண்டு போய்விட்டது. பங்காளிகள் ரெண்டு பேர் உசுப்பிவிட, ரேஷன் கடை வரிசையில் அத்தனை பேர் முன்னால், "அந்த வூட்டு வாசப்படிய மிதிச்சன்னா இந்தக் கால வெட்டிப் போட்ருங்க" என்று சத்தம் போட்டார். கோபத்தில் சொன்ன சொல்தான். ஆனால் ஊரே கேட்ட சொல்லை ஊருக்குத் தெரியாமல் திரும்ப எடுக்க முடியுமா? ஆறு வருஷமாக மகள் முகத்தை அவர் பார்க்கவில்லை. எதிரே மருமகன் வந்தால் டிவிஎஸ்ஸைத் திருப்பிக்கொள்வார். பேத்தி பிறந்த சேதி வந்த அன்று சாப்பிடாமல் படுத்தார், ஏன் என்று மனைவி ராஜாம்பாளும் கேட்கவில்லை. இப்போது படியை மிதிக்காமலே மகளைப் பார்த்துவிடலாம், தியேட்டரில் உட்கார்ந்து பார்ப்பதில் எந்தச் சபதமும் உடையாது. அது ஒன்றுக்காகவே அவர் தினமும் வந்தார்.

ஆர்ச் கேட்டைத் தாண்டிய மூன்றாவது நாள், திரையில் பண்ருட்டி சாலை பஸ் நிறுத்தத்துக்கு ராஜாம்பாள் வந்தாள். கையில் கூடை, கூடையில் மூடி போட்ட தூக்குவாளி. வெள்ளிக்கிழமை தோறும் வடலூர் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தவள், வடலூருக்கு எதிர்ப்பக்கம் போகிற பஸ்ஸில் பழகிய காலோடு ஏறினாள். நானூறு பேர் பார்த்தார்கள். ஒருத்தரும் துரைராஜ் பக்கம் திரும்பவில்லை, நெய்வேலிக்காரர்களுக்கு அந்த மரியாதை உண்டு. அவர் வீட்டுக்கு வந்தார், கை கழுவினார், சாப்பிட உட்கார்ந்தார்.

"அந்த பஸ்ஸுல கூட்டமா?" என்று கேட்டார்.

குழம்புக் கரண்டி ஒரு நொடி நின்றது. "ஒக்கார எடம் கெடைக்கும்ங்க" என்றாள் ராஜாம்பாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. மறு வெள்ளிக்கிழமை கூடைக்குள் ஒரு பாக்கெட் பால்கோவா கூடுதலாக இருந்தது, யார் வைத்தது என்று அவளும் கேட்கவில்லை.

நகரியத்தைத் தாண்டியதும் கூட்டம் வடிந்தது. ரெண்டு பக்கமும் முந்திரித் தோப்பு, நடுவில் தார்ச்சாலை, எவ்வளவு அழகாக இருந்தாலும் எத்தனை நாளைக்குப் பார்ப்பது? வெள்ளிக்கிழமை பெரிய நடிகர் படம் வருகிறது, இதை எடுத்துவிடப் போகிறேன் என்றார் சக்கரபாணி. துரைராஜ் அவர் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். நிலம் போனபோதுகூட யாரிடமும் அப்படி நின்றதில்லை.

"இன்னும் எவ்ளோ தூரம்?"

"ஆறு கிலோமீட்டரு."

"ஆள கொண்டா. ஓட்டறேன்."

துரைராஜ் ஷிப்டு முடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு ஷாட்டுக்கு முன்னால் போனார். வழியில் இருந்த ஒவ்வொரு ஊரிலும் நிறுத்தி, நாளைக்கு உங்கள் ஊர் வருகிறது, நாளை மறுநாள் உங்கள் தெரு வருகிறது என்று சொன்னார். சனங்கள் ஷேர் ஆட்டோ பிடித்து வந்தார்கள். முந்திரித் தோப்புக்காரர்கள் திரையில் தங்கள் மரங்களை எண்ணினார்கள். கடைசி வாரம் காலனியிலிருந்தும் வந்தார்கள். ஊரும் காலனியும் ஒரே வரிசையில் நெருக்கி உட்கார்ந்து, அவரவர் வீட்டைக் காட்டிக் கையைத் தட்டினார்கள். சபதம் கேட்டிருந்த பங்காளிகளும் ரெண்டு வரிசை பிடித்திருந்தார்கள், அவர்கள் வந்தது வேடிக்கை பார்க்க.

முப்பத்திரண்டாம் நாள் ஷாட் காலனிக்குள் திரும்பி, நீலக் கதவு போட்ட ஒரு வீட்டு வாசலில் வந்து நின்றது. அங்கேயே நின்றுவிட்டது. அடுத்த ஆட்டத்திலும் அதே கதவு, அதற்கடுத்த ஆட்டத்திலும் அதே கதவு. சரிதா வெளியே வந்தாள், பேத்தியின் யூனிபார்மைக் கொடியில் போட்டாள், உள்ளே போனாள். மறுபடி வந்து வாசலோரம் உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைத்தாள். இடது காலை மடித்து வலது காலை நீட்டி, அவள் சின்ன வயசில் உட்கார்வது போலவே உட்கார்ந்தாள். துரைராஜ் கண்ணை எடுக்காமல் பார்த்தார். காதோரம் நரைத்திருந்தது. கொட்டை எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்து வெந்திருந்தது. பி.காம். படிக்க வைத்த பெண்ணின் விரல். இத்தனை நாள் தான் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தது வெறும் வெட்கம் என்று அவருக்கு அப்போது தெரிந்தது.

மூன்று நாள் கேமரா படி தாண்டவில்லை. "உள்ள போடா!" என்று பின்னாலிருந்து விசிலடித்தார்கள். வெள்ளிக்கிழமை கண்டிப்பாக எடுத்துவிடுவதாகச் சக்கரபாணி போர்டே எழுதி வைத்தார். வீட்டில் மோட்டுவளையைப் பார்த்தபடி படுத்திருந்த துரைராஜுக்குக் கோளாறு எங்கே என்று புரிந்தது. முப்பத்தொரு வருஷ அனுபவம் சும்மாவா? எந்திரத்தின் கை ஒரு அளவுக்குத்தான் எட்டும். அதற்கு மேல் வேண்டுமென்றால் கையை நீட்டிப் பிரயோசனமில்லை, எந்திரமே நகர வேண்டும்.

வியாழக்கிழமை மதியம் தன் டிக்கெட்டை ராஜாம்பாளிடம் கொடுத்தார். "நீ போய் பாரு. எனக்கு ஒரு வேல இருக்குது."

டிவிஎஸ்ஸில் போய் நீலக் கதவுக்கு முன்னால் இறங்கியபோது மணி அஞ்சரை. ஒரு செவலை நாய் குரைத்தது. கொட்டை உடைத்துக்கொண்டிருந்த சரிதா நிமிர்ந்தாள். கையில் இருந்த கட்டை நழுவிக் கீழே விழுந்தது.

"நாயி ஒண்ணும் பண்ணாதுப்பா. வா" என்றாள்.

துரைராஜ் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டார். "செருப்ப எங்க வுடறது?"

"அங்கயே வுடுப்பா."

அந்த நேரத்தில் தியேட்டரில், மூன்று நாளாகச் சும்மா நின்ற கதவுக்கு முன்னால் ஒரு முதுகு வந்து நின்றது. ஷிப்டு சட்டை, கழுத்தில் வியர்வை. அது யார் முதுகு என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. செருப்பைக் கழற்றி, வலது காலைத் தூக்கி, படியில் வைத்தது. "காலு?" என்று பின் வரிசையில் ஒரு குரல் வந்தது. "சும்மா பாருய்யா" என்றார் கதவோரம் நின்ற சக்கரபாணி. அந்த மனிதர் தலையைக் குனிந்து நிலைப்படிக்குள் நுழைந்தார், கேமராவும் அதேபோலக் குனிந்து அவர் பின்னாலேயே உள்ளே போனது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். பேத்தி கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். சரிதா கறுத்த விரல்களால் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கேமரா மெல்ல நெருங்கியது, முகமும் சொம்பும் மட்டும் திரையை நிறைக்கும் வரை நெருங்கியது. துரைராஜ் அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவில்லை. தன் வீட்டுச் சொம்பில் குடிப்பது போல வாய் வைத்து, தொண்டை ஏறி இறங்க, முழுச் சொம்பையும் குடித்தார். ரெண்டு வரிசைப் பங்காளிகளும் அதைப் பார்த்தார்கள். வழியெல்லாம் எத்தனையோ பேர் கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டியிருந்தார்கள், அவர் ஒரு தடவைகூட அதன் பக்கம் திரும்பவில்லை. சொம்பு காலியானதும் ஷாட் முடிந்தது. ராஜாம்பாள் முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு, விளக்குப் போடும் முன்பே எழுந்து பஸ்ஸுக்கு ஓடினாள்.

அன்றைய கடைசி ஆட்டத்தில் ஷாட் ஒரு அடிகூட நீளவில்லை. இருந்தாலும் சக்கரபாணி போர்டை அழித்து இன்னும் ஒரு வாரம் ஓட்டினார், கூட்டம் அப்படி. அவர் காலை வெட்ட யாரும் அரிவாளோடு வரவில்லை. பங்காளிகள் கொஞ்ச நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

மறுநாள் ரெண்டு மணிக்குக் கொளஞ்சியப்பன் கேபினுக்கு ஏறி வந்தார். "மாமா, ஊரே பாத்துடிச்சி, நீ மட்டும் பாக்கல. அடுத்த வெள்ளிக்கிழம வரைக்கும் ஓடுது. டிக்கெட்டு போடட்டுமா?"

துரைராஜ் டிபன் பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"எதுக்கு?" என்றார். "நான்தான் அங்க இருந்தனே."