பத்தடிப் பாதை எந்தப் பக்கம்?

பேருந்துப் பணிமனையில் அவரை எல்லோரும் 'அவசரம்' என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. ஓட்டுநர் இருக்கையில் ஆள் படு நிதானம். கீழே இறங்கிவிட்டால் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டது போல்தான் திரிவார். ஆனால் வீடு வாங்கும் விஷயத்தில் அந்த அவசரமும் அவருக்குக் கைகொடுக்கவில்லை. முதலில் பார்த்த வீட்டை, "வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு வந்த மறுநாளே வேறு யாரோ முடித்துவிட்டார்கள். இரண்டாவது வீடு, அவரும் புரோக்கரும் எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே கைமாறிவிட்டது.

மூன்றாவது, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாருடையது. அவர் தம் மகள் வீட்டோடு போய் இருக்கப்போகிறார். இரண்டு படுக்கையறை, அகலமான சமையலறை, காலை வெயில் சாய்ந்து விழும் ஒரு பின்னறை. தையல்காரியான அவசரத்தின் மனைவி அந்தப் பின்னறை ஜன்னலோரம் நின்றபோதே மனத்துக்குள் தையல் மிஷினைக் கொண்டுவந்து போட்டுவிட்டாள்.

"சார், வெள்ளிக்கிழமை இன்னொரு பார்ட்டி வர்றாங்க. நாளைக்கே அக்ரிமென்ட் போட்டுருங்க. அளக்கறதெல்லாம் அப்புறம் பொறுமையா அளந்துக்கலாம்" என்றார் புரோக்கர்.

அவசரம் பேனாவைத் தேடிச் சட்டைப்பையில் கைவிட்டார். அவள் குறுக்கே வந்தாள்.

"கையெழுத்துப் போட்ட பிறகு அளந்து என்ன பண்ண? குறைஞ்சா ஒட்டுத்துணி வச்சுத் தைக்கவா முடியும்? முதல்ல அளக்கட்டும்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர் புலம்பினார். "இதுவும் போச்சுன்னா நாம பஸ்ஸுலதான் குடித்தனம் பண்ணணும்."

"பண்ணுவோம். உங்களுக்கு வேலைக்குப் போற அலைச்சல் மிச்சம்" என்றாள் அவள்.

அவளே சர்வேயருக்குப் போன் போட்டாள். வியாழக்கிழமைதான் நேரம் இருக்கிறது என்று பதில் வந்தது. வெள்ளிக்கு முந்தின நாள்! அதுவரை அவசரம் நாளை எண்ணிக்கொண்டிருந்தார்.

வியாழன் காலை, முக்காலியும் அளவுக் கருவியுமாகச் சர்வேயர் வந்து இறங்கினாள். முப்பது வயதுகூட இருக்காது. வாத்தியாரின் பத்திரத்தை வாங்கிப் படித்தாள். வாசலுக்குப் போய்ப் பார்த்தாள். திரும்ப வந்து படித்தாள். மறுபடியும் வாசலுக்குப் போனாள்.

"சார், இதுல தெற்கே பத்தடிப் பாதைன்னு போட்டிருக்கு. அந்தப் பாதை எங்க?"

"பக்கத்து வீட்டுக்கு அந்தாண்ட இருக்கு" என்றார் வாத்தியார்.

"உங்க வீட்டை ஒட்டி இருக்கணுமே?"

"டைப் அடிச்சவன் தப்பா அடிச்சிருப்பான்."

அவள் கருவியைத் தூக்கிக்கொண்டு போனாள். தெருமுனைக் கல்லிலிருந்து அளக்கத் தொடங்கினாள். வெயில் உச்சிக்கு ஏறும்வரை அளந்தாள். கடைசியில் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே வந்தாள்.

"சார், தப்பா நினைக்காதீங்க. உங்க பத்திரத்துல இருக்கறது பதினாலாம் மனை. நீங்க குடியிருக்கறது பதினஞ்சு. நீங்க விக்கிற வீடு இது இல்ல. அதோ, அது."

அவள் காட்டிய பக்கத்து வீட்டு மாடியில் ஓர் அம்மாள் போர்வை உலர்த்திக்கொண்டிருந்தார்.

"இருபத்திரண்டு வருஷமா நான் இங்கதானே இருக்கேன்!"

"இருக்கீங்க சார். ஆனா வீடு அங்க இருக்கு."

வாத்தியார் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். யோசித்துப் பார்த்ததும் விஷயம் பிடிபட்டது. இரண்டு வீட்டையும் கட்டிய காண்டிராக்டர் ஒரே நாளில் இரண்டு பேரிடமும் சாவியைக் கொடுத்திருக்கிறார். மாற்றிக் கொடுத்துவிட்டார். அதன்பின் எல்லை விவரம் எழுதியிருந்த பக்கத்தை ஒருத்தரும் புரட்டவே இல்லை.

அவசரம் சட்டைப்பைப் பேனாவைத் தொட்டுப் பார்த்தார். அன்றைக்கே கையெழுத்துப் போட்டிருந்தால், முன்பின் தெரியாத ஓர் அம்மாள் போர்வை உலர்த்தும் வீட்டையல்லவா வாங்கியிருப்பார்! ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தார். அவள் 'பார்த்தீங்களா' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

புரோக்கர் மெதுவாக, "அப்படியே பதிஞ்சுட்டா யாருக்குத் தெரியப் போகுது?" என்று ஆரம்பித்தார். நாலு பேரும் சேர்ந்து பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

பக்கத்து வீட்டு அம்மாள் ஆஸ்பத்திரியில் தலைமை நர்சாக இருந்தவர். அவருக்கும் வாத்தியாருக்கும் ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. நர்சம்மா வீட்டு மாடித் தொட்டி நிரம்பி வழிந்து தம் சுவர் நனைகிறது என்று வாத்தியார் நகராட்சியில் புகார் எழுதிக் கொடுத்திருந்தார்.

"நான் அந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்றார் வாத்தியார்.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. அவசரத்துக்குப் பொறுக்குமா? விடுவிடுவென்று போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார்.

"அக்கா, நீங்க குடியிருக்கறது உங்க வீடு இல்லையாம்!"

"யாருப்பா நீ? பட்டப்பகல்ல வந்து வீட்டைக் காலி பண்ணச் சொல்ற?" என்று நர்சம்மா இடுப்பில் கை வைத்தார். பின்னாலேயே ஓடிவந்த மனைவிதான் மூச்சு வாங்க விஷயத்தை விளக்கினாள்.

நர்சம்மா பீரோவைத் திறந்து தம் பத்திரத்தை எடுத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி வரியாகப் படித்தார். 'பதினைந்தாம் மனை. தெற்கே பதினாலாம் மனை.' இன்னொரு தரம் படித்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர், நாற்காலியைப் பிடித்துக்கொண்டும் நிற்க முடியாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ வழிஞ்ச தொட்டி அவரோடது! நனைஞ்ச சுவரு என்னோடது! ஆறு வருஷமா மனுஷன் தன் மேலேயே புகார் கொடுத்திருக்காரே!"

எழுந்து போய் மதில் மேலாக எட்டிப் பார்த்து, "சார்! உங்க தொட்டித் தண்ணி என் சுவர்ல ஊத்துது, கொஞ்சம் கவனிக்கறது!" என்றார்.

வாத்தியார் முகத்தை இறுக்கமாகத்தான் வைத்திருந்தார். முதலில் தோள் குலுங்கியது. அப்புறம் வயிறு. கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டே மதிலோரம் வந்தார்.

இரண்டு வீடும் ஒரே அளவு. நர்சம்மாவுக்கும் தாம் பார்த்துப் பார்த்துத் தரை போட்ட வீட்டை விட மனம் இல்லை. பரிவர்த்தனைப் பத்திரம் எழுதி அவரவர் குடியிருக்கும் வீட்டை அவரவர் பேருக்கு மாற்றிக்கொள்ள இரண்டு பேரும் சம்மதித்தார்கள். நர்சம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: புகாரைத் திரும்பப் பெறுவதாக வாத்தியார் கைப்பட எழுதித் தர வேண்டும். அவரும் எழுதினார். நர்சம்மா படித்துவிட்டு, ஓரிடத்தில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டார்.

"ஒற்றுப்பிழை. கணக்கு வாத்தியார்தானே, போனா போகுதுன்னு விடறேன்."

வெள்ளிக்கிழமை சொன்னபடியே இன்னொரு பார்ட்டி வந்தது. கதையைக் கேட்டது. கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் போய்விட்டது. தெருமுனை திரும்பும்வரை அவசரம் கையசைத்து வழியனுப்பினார்.

பத்திரமெல்லாம் சரியாக ஐந்து வாரம் ஆயிற்று. விடுமுறை நாளில் அவசரத்துக்கு இருப்புக்கொள்ளாது, அந்த வீட்டுப் பக்கம் போய்விடுவார். ஒரு நாள் நர்சம்மாவின் மாடியேறித் தொட்டிக்குப் புது மிதவை மாட்டிக் கொடுத்தார். தண்ணீர் வழிவது நின்றது. ஆறு வருஷத் தகராறுக்கு அரைமணி நேர வேலை. அன்று மூன்று குடும்பமும் நர்சம்மா வீட்டுக் கூடத்தில் சேர்ந்து டீ குடித்தது.

அவசரம் வீட்டை வாங்கிக் குடிவந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. வாத்தியாரை வண்டி ஏற்றிவிட்டு வந்த நர்சம்மா, கிழிந்த தலையணை உறைகள் நாலைக் கொண்டுவந்து நீட்டினார். அட்டைப் பெட்டிகள் பிரிக்காமல் கிடக்க, அவசரத்தின் மனைவி பின்னறை ஜன்னலோரம் மிஷினைப் போட்டு முதல் உறையைத் தைக்க உட்கார்ந்துவிட்டாள். மிஷின் சத்தம் வீடெல்லாம் கேட்டது. எந்தப் பெட்டியை முதலில் பிரிப்பது என்று யோசித்தபடி கூடத்தில் உட்கார்ந்த அவசரம், செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே சாய்ந்து தூங்கிப்போனார்.