இடது கை வாசித்த பேஸ்

டென்மார்க்கின் ஆல்போர்க் நகரத்தில் எங்கள் பாட்டுக் குழுவைத் தொடங்கியவன் கார்ஸ்டன். கப்பல் கட்டும் தளத்தில் வெல்டிங் வேலை முடிந்ததும், சட்டையில் கருகிய இரும்பு வாடையோடு இளைஞர் மன்றத்தின் நிலவறைக்கு வந்துவிடுவான். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தியைக் கட்டைவிரலால் அவன் அடித்தால், மேசையில் இருக்கும் பீர் பாட்டில்கள் அதிரும். அதன்மேல் ஃபிளெமிங் சிந்தசைசர் வாசித்தான், நான் பாடினேன். டிரம்ஸுக்கு ஆள் கிடைக்கவில்லை, டிரம் மெஷின் வாங்கினோம். ‘வின்டர்பாத்’ என்று பெயர் வைத்தவனும் கார்ஸ்டன்தான். பனிக்காலத்தில் ஃபியோர்டின் கடல் நீரில் குதித்துவிட்டு நடுங்கிக்கொண்டே சிரிக்கிற கூட்டத்தில் அவனும் ஒருவன்.

எண்பத்தைந்தில் கோபன்ஹேகனிலிருந்து ஒரு தயாரிப்பாளர் கூப்பிட்டார். ஸ்டுடியோவில் கார்ஸ்டன் ஒரு நாள் முழுக்க வாசித்தான். மறுநாள் போனபோது பாட்டைப் போட்டுக் காட்டினார்கள். அடியில் ஓடிய பேஸ் வழவழவென்று, ஒரு மயிரிழை பிசகாமல் இருந்தது.

“இது நான் வாசிச்சது இல்லையே. யாரு?”

ஃபிளெமிங் தரையைப் பார்த்தான். “என் இடது கைடா. சிந்தசைசர்ல.”

“மெஷினோட ஒட்டி வருது பாருங்க,” என்றார் தயாரிப்பாளர். “உங்களது கொஞ்சம் மூச்சு வாங்குது.”

கார்ஸ்டன் மறுபடி ஒருமுறை போடச் சொல்லிக் கேட்டான். “நல்லாத்தான் இருக்கு. ஆனா மேடையில நான்தான் வாசிப்பேன்.”

“சத்தியமா,” என்றான் ஃபிளெமிங்.

அந்தக் கோடையில் நாடு முழுக்க அந்தப் பாட்டுதான். ஊர் ஊராகக் கூடாரங்களில் நாங்கள் வாசிக்க, ஜனங்கள் ஆடினார்கள். ஃபிரெடரிக்ஸ்ஹாவனில் பாதிப் பாட்டில் கார்ஸ்டனுடைய தந்தி அறுந்தது. பேஸ் சத்தம் நிற்கவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். அறுந்த தந்தி காற்றில் ஆட, அவன் கையைத் தூக்கியபடி நின்றான். கூடாரம் முழுக்கப் பேஸ் முழங்கியது. அவன் மெதுவாகக் கையை இறக்கி, வெறும் மரத்தில் கட்டைவிரலை அடித்துக்கொண்டு பாட்டை முடித்துக் கொடுத்தான்.

“எப்பலேருந்து?” என்று கேட்டான் கார்ஸ்டன், வேனுக்குப் பின்னால்.

“ரெண்டாவது ஊர்லேருந்து,” என்றான் ஃபிளெமிங். “ரெக்கார்டு மாதிரி இல்லன்னு புகார் வந்துச்சு. உன்னோடதை அணைச்சிட்டு என் இடது கையை விட்டாங்க. சொல்லணும்னுதான்டா இருந்தேன்.”

எனக்கும் அப்போதுதான் தெரியும். கார்ஸ்டன் அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

“விட்டுட்டுப் போயிடுடா,” என்றேன் கார்ஸ்டனிடம், தனியாக.

“எங்க போறது விபேகே? தளத்துல ஆளைக் குறைக்கிறாங்க. எங்கம்மா டிவியில என்னைப் பாத்துட்டு தெரு முழுக்கச் சொல்லி வச்சிருக்கா.”

அவன் தங்கினான். பாட்டுதான் தங்கவில்லை. ஜெர்மனிக்காக ஆங்கிலத்தில் போட்ட இரண்டாவது ரெக்கார்டை ஜெர்மன்காரர்களும் வாங்கவில்லை, எங்கள் ஊர்க்காரர்களும் வாங்கவில்லை. பிறகு மெத்தைக் கடைத் திறப்பு விழாக்களில் பாடினோம். ஒரு பள்ளிக்கூடத்துக் கூடத்தில் எங்களைவிடக் குறைவான ஆட்கள் முன்னால் கடைசியாகப் பாடிவிட்டு, கைகூடக் கொடுத்துக்கொள்ளாமல் பிரிந்தோம். ஃபிளெமிங் விளம்பரங்களுக்கு இசை போடப் போனான். நான் பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்கார்ந்தேன். தளத்தை மூடிவிட்டார்கள், கார்ஸ்டன் பஸ் ஓட்டினான்.

பல வருடம் கழித்துப் பழைய பாட்டுகளுக்கு மறுபடி மவுசு வந்தது. ஒரு ஏற்பாட்டாளர் மூன்று பேரையும் சேர்த்தார். கார்ஸ்டன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்: “என் சத்தம் கேக்குமா?” கேட்கும் என்றார்கள். ஒத்திகைக்கு வந்தபோது கட்டைவிரலில் மறுபடி காய்ப்பு ஏறியிருந்தது. வாசித்தான். நிலவறையில் கேட்ட அதே வாசிப்பு, கொஞ்சம் தளர்ந்து, கொஞ்சம் முந்தி. பாட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏற்பாட்டாளர் நல்ல மனிதர்தான். “அருமையா இருக்கு. ஆனா ஜனங்க ரெக்கார்டைக் கேக்கத்தான் வர்றாங்க. புரியுதில்ல?”

ஃபிளெமிங் வாயைத் திறந்தான். கார்ஸ்டன் முந்திக்கொண்டான். “புரியுது. என்னோடதை அணைச்சிடுங்க.”

சில்கபோர்க் ஊரில் நிகழ்ச்சி முடிந்து, சாஸேஜ் விற்கும் வண்டியருகே நின்று தின்றுகொண்டிருந்தோம். நடுவயதுக்காரர் ஒருவர் ஓடிவந்து கார்ஸ்டன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உங்க பேஸைக் கேட்டுத்தான் நான் கிட்டாரே எடுத்தேன். அந்தத் தொடக்கம் இருக்கே... எப்படிங்க அவ்வளவு சுத்தமா?”

கார்ஸ்டன் கடுகுச் சாஸ் பட்ட விரலைத் துடைத்தான். “பழக்கம்தான்,” என்றான். அவர் நீட்டிய ரெக்கார்டு உறையில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான்.

வேனில் திரும்பினோம். தன் வீட்டு வாசலில் இறங்கும்போது, “நல்லாப் பாடினே,” என்றான்.

அடுத்து ரானர்ஸ் ஊர் நிகழ்ச்சிக்கு அவன் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. ஃபிளெமிங்கும் நானும் மட்டும் மேடையேறினோம். பேஸ் எப்போதும்போல் முழங்கியது, ஜனங்கள் எப்போதும்போல் ஆடினார்கள். யாரும் அவனைக் கேட்கவில்லை.