மூன்றாவது வயர்

...இல்லை, நாலு தட்டு கேட்க வேண்டிய இடத்தில் மூன்றுதான் கேட்கிறது, மூன்று தட்டி ஒன்றை விழுங்குகிறது, விழுங்கியதும் வண்டி முழுக்க ஒரு குலுக்கல், காது என்ன செவிடா, நன்றாகத்தான் கேட்கிறது... அம்பாசடரின் பானட்டுக்குள் தலையை விட்டபடி அர்த்தனாரி தனக்குத்தானே சொல்லிக்கொண்டான், சர்க்கரைதான், சர்க்கரையேதான், பெட்ரோல் டாங்கியில் சர்க்கரையைக் கொட்டினால் இன்ஜின் இப்படித்தான் மிஸ்ஸிங் அடிக்கும் என்று ஜெய்லானியே சொல்லிவிட்டானே, சேந்தமங்கலத்தில் தலை நரைக்கும்வரை கார் வேலை பார்த்த மெக்கானிக் சொல்வது பொய்யாகுமா. ஜெய்லானி சொன்னது அதுவா? நேற்று போனில் "மொதல்ல பிளக்கப் பாருங்கண்ணே, வயரப் பாருங்க" என்றுதான் அவன் ஆரம்பித்தான், சர்க்கரை போட்டால் இப்படி ஆகுமா என்று கேட்டது இவன், "போட்டா ஆகும், ஆனா யாருண்ணே போடப்போறாங்க" என்று அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பையும் பிளக்கையும் வயரையும் ஓரமாகத் தள்ளிவிட்டு 'ஆகும்' என்ற ஒரு சொல்லை மட்டும் இவன் எடுத்து மடியில் முடிந்துகொண்டான். யார் போடப்போகிறார்கள் என்றா கேட்கிறாய், கூடப் பிறந்தவன் ஒருவன் இருக்கிறானே, போதாதா.

தம்பி பூபதிதான், வேறு யார். போன வாரம் வழித்தகராறு, இவனுடைய கார் போகும் தடம் பூபதியின் மிளகுத் தோட்டத்தை ஒட்டிப் போகிறது, சக்கரம் ஏறி வேரெல்லாம் நசுங்குகிறது என்று பேச்சு தொடங்கி, அப்பன் பாகம் பிரித்ததுவரைக்கும் போய், கடைசியில் "இந்தத் தடத்துல உங்க காரு இனி எப்படி ஏறுதுன்னு பாக்கறனுங்க" என்றான், கோபத்திலும் மரியாதை விடாத வாய், அந்த வாயை நம்பித்தானே இத்தனை வருஷம் ஏமாந்தது. முந்தாநாள் சாயங்காலம் காருக்குப் பின்னால், பெட்ரோல் மூடி இருக்கும் பக்கம், அவன் குனிந்து நின்றதை இவன் தன் கண்ணாலேயே பார்த்தான், மறுநாள் காலையில் வண்டி மேடேற முடியாமல் குலுங்கியது, இதற்கு மேல் என்ன வேண்டும்? ஒன்றும் வேண்டாம் என்று தோன்றியதால்தான் இன்று விடிந்தும் விடியாமல், பனி கலைவதற்குள், அருவாளை எடுத்துக்கொண்டு தம்பியின் தோட்டத்துக்குள் போனான். சில்வர் ஓக் மரங்களில் ஆள் உயரத்துக்கு மேல் ஏறி, சரம் சரமாகக் காய்த்து நின்ற கொடிகள்... அடியில், மண்ணுக்குக் கொஞ்சம் மேலே, ஒரே வெட்டு, அடுத்த மரம், அடுத்த மரம், கை ஓயும்வரை, வெட்டிய இடத்தையெல்லாம் சருகு தள்ளி மூடினான். வேடிக்கை என்னவென்றால் கொடிக்கே அது இன்னும் தெரியாது, மேலே இலை பச்சைப்பசேலென்றுதான் நிற்கும், சில நாள் கழித்துத்தான் தொங்கும். பூபதிக்கும் தெரியாது. இருக்கட்டும், அவன் செய்ததற்கு இவன் செய்தது சரிக்குச் சரி, ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று பழமொழி சொல்கிறவன் டாங்கியில் எவனும் சர்க்கரை கொட்டியிருக்க மாட்டான்.

சாட்சி மட்டும் கையில் இருந்துவிட்டால் போதும், பஞ்சாயத்தில் ஊர்க்கவுண்டர் முன்னால் தூக்கிக் காட்டலாம், பாருங்க கவுண்டரே, இதுக்குத்தான் நான் அதைச் செஞ்சேன் என்று... அதற்காகவே பெட்ரோல் குழாயைப் பிடுங்கி ஒரு கண்ணாடிச் சீசாவில் பிடித்து மதில்மேல் வைத்துவிட்டு, குழாயைத் திரும்ப மாட்டியிருந்தான். அடியில் வெள்ளையாகப் படியும், படிய வேண்டும். வெயில் ஏறிவிட்டது, சீசா துலக்கிவிட்டதுபோல நிற்கிறது, அடியில் ஒன்றுமில்லை, தண்ணீர்ச் சொட்டுக்கூட இல்லை. குலுக்கிப் பார்த்தான். சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்தான். கடைசியில் ஐம்பது தாண்டிய மனுஷன், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, விரலை நனைத்து நாக்கில் வைத்துக்கொண்டான், இனிக்காதா என்று. தொண்டைவரை எரிந்தது, காறிக் காறித் துப்பினான். வெறும் பெட்ரோல். சீசாவை மதில்மேலேயே திரும்ப வைத்தான்... சர்க்கரை இல்லாவிட்டால் என்ன, வேறு ஏதாவது செய்திருப்பான், வயரை மாற்றிச் செருகியிருப்பான், பிளக்கைத் தளர்த்தியிருப்பான், அவன் கை பட்ட தடம் எங்காவது இருக்கும், தேடினால் கிடைக்கும்.

"ஏனுங்ணா, இன்னும் மிஸ்ஸிங் அடிக்குதுங்களா?" பின்னால் குரல் கேட்டதும் ஸ்பேனர் கைநழுவி இன்ஜினுக்குள் விழுந்தது. பூபதி. வாரம் முழுக்க ஒரு வார்த்தை பேசாதவன், இன்றைக்குப் பார்த்து வந்து நிற்கிறான். "அங்கிருந்தே சத்தம் கேட்டுதுங்க. ரெண்டு ஆளு வேலைங்களே இது, நீங்க ஒண்டியா என்ன பண்ணுவீங்க?" என்றவன் பதிலுக்குக் காத்திருக்காமல் கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தான். அங்கிருந்தே என்றால் எங்கிருந்து, தோட்டத்திலிருந்தா, பார்த்துவிட்டானா? முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, வழக்கமான முகம், அப்பன் முகம். போ என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை, விழுந்த ஸ்பேனரை எடுத்துவிட்டு, "ரேஸ் குடு" என்று மட்டும் சொன்னான். எத்தனை வருஷப் பழக்கம் இது, அண்ணன் பானட்டுக்குள், தம்பி சீட்டில், குடு என்றால் கொடுப்பான், போதும் என்றால் காலை எடுப்பான். அந்த மிளகுக் கொடிக்கான தண்டுகளைக்கூட, ஈரச்சாக்கில் சுற்றி, இதே காரின் டிக்கியில் போட்டு, மலைப்பாதையின் எழுபது வளைவும் நோகாமல் ஏற்றிக் கொண்டுவந்தது இவன்தான்... அதெல்லாம் இப்போது எதற்கு நினைவு வருகிறது, சனியன். பிளக்குக்குக் கரண்ட் கொண்டுபோகும் வயர்கள் நாலு, ஓடுகிற இன்ஜினில் ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும், வேலை செய்கிற வயரைக் கழற்றினால் இன்ஜின் இன்னும் தள்ளாடும், எதைக் கழற்றியும் சத்தம் மாறவில்லையோ அங்கேதான் கோளாறு. காய்ந்த துணியைச் சுற்றி முதல் வயரைக் கழற்றினான், இன்ஜின் தள்ளாடியது, மாட்டினான். இரண்டாவது, தள்ளாடியது. மூன்றாவதைக் கழற்றினான்... சத்தம் மாறவில்லை.

அந்த வயரோடு விரலை ஓட்டிக்கொண்டே கீழே போனான், போகும்போதே மனசு கெஞ்சியது, கத்தி வெட்டாக இருக்கட்டும், நேர்க்கோடாக, சுத்தமாக ஒரு வெட்டு, மனுஷக் கை வெட்டியதாக... சாமி, அவனாகவே இருக்கட்டும். விரலில் பட்டது பிசிறு. டார்ச் அடித்துப் பார்த்தான், ரப்பர் துளித்துளியாகக் குதறிக் கிடந்தது, கீழே இடுக்கில் தேங்காய் நாரும் சாக்குப் பிசிறும் சேர்த்துக் கட்டிய கூடு, கறுப்புக் கறுப்பாகப் புழுக்கை. மரவள்ளிக் கிழங்கு மூட்டைப் பக்கம் காரை நிறுத்த வேண்டாம் என்று அம்சவேணி தலைபாடாக அடித்துக்கொண்டாள், பெண்டாட்டி சொல்லை எந்தப் புருஷன் கேட்டான். பூபதியும் இறங்கி வந்து எட்டிப் பார்த்தான், "அட, எலிங்களா! ஒரு எலி உங்களை ரெண்டு நாளா இந்தப் பாடு படுத்திருச்சே" என்று வாய்விட்டுச் சிரித்தான். சிரித்துக்கொண்டே, "முந்தாநேத்துப் பொழுதோட பெட்ரோல் மூடிகூடச் சரியா மூடாம ஆடிக்கிட்டு இருந்துச்சுங்ணா, மழை வேற வர்றாப்புல இருந்துது, நான்தான் அழுத்தி மூடிட்டுப் போனேன். சொல்லலாம்னு வந்தா நீங்க மூஞ்சியத் திருப்பிக்கிட்டீங்க" என்றான். அர்த்தனாரி கூட்டைப் பிடுங்கி வெளியே எறிந்தான். எலியின்மேல் வந்த கோபத்துக்கு அளவேயில்லை, தம்பியின்மேல் அதைவிட, ஏண்டா நீ செய்யவில்லை, ஒரு பிடி சர்க்கரை உன்னால் போட்டிருக்க முடியாதா, இப்போது நான் என்ன செய்வேன்... வெட்கங்கெட்ட மனசு அதையும் கேட்டது.

டேஷ்போர்டில் கிடந்த பழைய வயர் ஒன்றைத் தேடியெடுத்து மாட்டினான், பூபதி சாவியைத் திருப்பினான், இன்ஜின் ஒரே சீராக ஓடியது. "சரியாயிருச்சுங்ணா. நான் தோட்டத்துக்குப் போய் ஒரு எட்டுப் பாத்துட்டு வாரேன், காத்தால இருந்து அந்தப் பக்கமே போகல" என்று ஒரு காலைக் கீழே வைத்தான். "இரு, இன்னும் மிஸ்ஸிங் அடிக்குது" என்று இவன் வாய் தானாகச் சொன்னது. "எனக்கு ஒண்ணும் கேக்கலீங்களே." "எனக்குக் கேக்குது. உக்காரு, ரேஸ் குடு." அண்ணன் காதுக்குக் கேட்டால் சரியாகத்தான் இருக்கும் என்று அவன் மறுபேச்சில்லாமல் உட்கார்ந்துகொண்டான். எவ்வளவு நேரம் இப்படி உட்காரவைக்க முடியும், மதியம்வரை? இலை தொங்கும்வரையா? இப்போதே சொல்லிவிடலாம், பானட் மறைவிலிருந்தே, முகம் பார்க்காமல்... பூபதி, என்று ஆரம்பித்து, அப்புறம்? சொல்லாமல் விட்டாலும் கொடி சொல்லிவிடும், அப்போது இவனைத்தானே சந்தேகப்படுவான், கொடுவாளைத் தூக்கிக்கொண்டு வரட்டும், வெட்டட்டும், அது ஒரு நியாயம். ஆனால் பூபதி சந்தேகப்பட மாட்டான். அதுதான் இவனை உலுக்கியது. மழைக்கு வருகிற வாடல் நோய் என்று நினைத்துக்கொள்வான், சருகைக் கிளறிப் பார்க்கக்கூடத் தோன்றாமல் நேராக இங்கே ஓடிவருவான், அண்ணா காரை எடுங்க, சேந்தமங்கலம் போய் மருந்து வாங்கிட்டு வந்தரலாம் என்பான். அப்போது இவன் என்ன செய்வான்... மாட்டேன் என்பானா, உண்மையைச் சொல்வானா? தன்னைக் கேட்டுப் பார்த்தான், யோசிக்க வேண்டியிருக்கவே இல்லை, பதில் அங்கேயே இருந்தது. காரை எடுப்பான். பக்கத்தில் அவனை உட்காரவைத்து, எந்த மருந்து கேட்கும் எது கேட்காது என்று பேச்சுக் கொடுத்தபடி, எழுபது வளைவும் இறங்குவான். விடியற்காலையில் வெட்டியதற்காவது ஆத்திரம் என்று ஒரு பெயர் இருக்கிறது, இதற்கு என்ன பெயர் என்று அவனுக்குத் தெரியவில்லை. "போதுங்களாண்ணா?" என்று உள்ளேயிருந்து பூபதி கேட்டான். "இன்னொருக்காக் குடு" என்றான் அர்த்தனாரி, நாலு தட்டும் நாலாகவே கேட்டுக்கொண்டிருந்தன.