பட்டியலில் இல்லாத கல்லூரி

நான் வேனைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஜெயராஜ் மாமா கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். கையில் நீளமாகச் சுருட்டிய பேனர். பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான்வரை ரயிலில் அதை நிமிர்த்திப் பிடித்தபடியே வந்திருக்கிறார். என் கணவரின் அண்ணன், வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். எங்கள் குடும்பத்தில் எந்தப் பிள்ளை எங்கே படிப்பது என்று முடிவு செய்கிற இலாகா அவருடையது. யாரும் கொடுக்கவில்லை, அவராகவே எடுத்துக்கொண்டார்.

பேனரைக் கார்ப்போர்ச்சில் விரித்தார். என் மகள் விஷ்ணுப்ரியாவின் படம், ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் பெயர், அதற்குக் கீழே சிவப்பில் 'உலகத் தரவரிசையில் முதல் இருநூறுக்குள்'. என்ன படிக்கப் போகிறாள் என்பது மட்டும் எங்கும் இல்லை. எப்படிப் போடுவார்? அவள் கேட்டது பிசியோதெரப்பி. கிடைத்திருப்பது நிலவியல். பாறை, மண் பற்றிய படிப்பு. என் மகளுக்குக் கல்லைக் காட்டினால் கல் என்பாள், அதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டாள்.

விண்ணப்பத்தை நிரப்பியவர் மாமாதான். பன்னிரண்டு விருப்பங்களை வரிசையாகப் போட வேண்டும். மற்றவர்கள் பிடித்த படிப்பை முதலில் போடுவார்கள். மாமா தரவரிசைப் பட்டியலை அச்செடுத்து வந்து, உயர்ந்த இடத்தில் இருக்கும் பல்கலைக்கழகத்தில் அவள் மதிப்பெண்ணுக்கு எட்டுகிற படிப்பு அத்தனையையும் மேலே அடுக்கினார். பிசியோதெரப்பி பதினோராவது இடத்துக்குப் போயிற்று. "உள்ள போயிட்டா போதும்லா. என்ன கோர்ஸுன்னு யாரு கேக்கப் போறா?" என்றார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அவருக்கு மைலோ கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த எரிச்சல் எனக்கு என்மேலேயே இன்னும் தீரவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் என் இடது தோள் இறுகிப்போய்க் கையைத் தூக்க முடியாமல் ஆனது. பள்ளி வேன் ஓட்டுகிறவளுக்கு இடது கை இல்லையென்றால் கியர் இல்லை, கியர் இல்லையென்றால் பிழைப்பு இல்லை. நான்கு மாதம் ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். கூட வந்தவள் விஷ்ணுப்ரியா. அங்கே பிசியோதெரப்பி செய்கிற பெண் என் கையைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றுவதைக் கண்கொட்டாமல் பார்ப்பாள். வீட்டுக்கு வந்து அதையே எனக்குச் செய்வாள். ஒருநாள் சமையலறையில் என்னை அறியாமல் மேல்தட்டு டப்பாவை எடுத்துவிட்டேன். எனக்கு முன்னால் அவள்தான் அழுதாள். அன்றைக்கே அவள் முடிவு செய்துவிட்டாள்.

அதனால் என்னிடம் மட்டும் சொல்லிவிட்டு ஓர் அரசாங்கப் பயிற்சிக் கல்லூரிக்கும் தனியாக விண்ணப்பித்தாள். பிசியோதெரப்பியில் டிப்ளோமாதான். அங்கேயும் இடம் கிடைத்தது. இருவரும் போய்ப் பார்த்தோம். கட்டடம் பழசு, கேண்டீனில் நான்கு மேசை. இரண்டாம் வருஷப் பெண் ஒருத்தியிடம், நோயாளியை எப்போது தொட்டாய் என்று கேட்டேன். சேர்ந்த இரண்டாம் மாதத்திலேயே வார்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றாள். எனக்கு அது போதும். பதினான்கு வருஷமாக வேன் ஓட்டுகிறேன். எந்தப் பள்ளி எப்படி என்று சுவரில் தொங்கும் விருதைப் பார்த்து நான் சொன்னதில்லை. மதியம் வண்டியில் ஏறுகிற பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துத்தான் சொல்வேன்.

இரண்டு இடத்துக்கும் பதில் சொல்ல, மாமா பேனரோடு வந்த அன்று மாலை ஐந்து மணிதான் கெடு. லோரி ஓட்டிக்கொண்டு ஈப்போ போயிருந்த என் கணவர், அண்ணன் சொல்வதைக் கேள் என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.

"பெரியப்பா, நான் அங்க போகல," என்றாள் விஷ்ணுப்ரியா, வாசலில் நின்றபடி.

மாமா பேனரின் முனைக்குச் செங்கல் தேடிக்கொண்டிருந்தார். "எங்க போகல?"

அவள் கல்லூரியின் பெயரைச் சொன்னாள். மாமா சட்டைப்பையிலிருந்து பட்டியலை எடுத்துப் பிரித்து, மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். திருப்பியும் பார்த்தார். "இதுல இல்லயே. ஆயிரத்துக்குள்ளகூட இல்ல. அவ்ளோ மோசமா?"

"மோசம் இல்ல பெரியப்பா. அந்த லிஸ்டுல ஆராய்ச்சிப் பேப்பர் எத்தன எழுதுனாங்க, மத்த புரொபசருங்க என்ன நெனக்கிறாங்க, வெளிநாட்டு ஸ்டூடண்டு எத்தன பேருன்னுதான் பாக்குறாங்க. வேலைய மட்டும் சொல்லிக்குடுக்குற காலேஜெல்லாம் அதுல சேக்கவே மாட்டாங்க."

"எங்க ஷாமினியப் பாரு," என்றார் மாமா. அவர் மகள். எந்தப் பேச்சும் அங்கேதான் போய் நிற்கும். "நான் சொன்ன எடத்துல சேந்தா. மூணாவது வருஷம். எங்க போனாலும் மரியாத."

"ஷாமினி என்ன படிக்கிறா மாமா?" என்று கேட்டேன்.

வாயைத் திறந்தார். என்னவோ சயன்ஸ் என்றார். பல்கலைக்கழகத்தின் இடம் எத்தனையாவது என்று கேட்டிருந்தால் தூக்கத்தில்கூடச் சொல்லியிருப்பார்.

"சொந்தக்காரங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது? எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். ஏம்மா லோகேஸ்வரி, படிச்ச புள்ளய டிப்ளோமாவுக்கு அனுப்புவியா? உனக்கு வெக்கமா இல்ல?"

எனக்குச் சுருக்கென்றது. குழாயை மூடினேன். "எனக்கு என்ன வெக்கம் மாமா? என் கைய எனக்குத் திருப்பிக் குடுத்தவ எந்த நம்பர் யூனிவர்சிட்டின்னு நான் கேக்கல. நீங்க பதில் சொல்ல வேணாம். நான் சொல்லிக்கிறேன்."

விஷ்ணுப்ரியா போனில் பல்கலைக்கழகத்தின் பக்கத்தைத் திறந்தாள். மறுக்கிறேன் என்பதற்கு மலாயில் 'தொலாக்' என்று சிவப்புப் பொத்தான். என்னை ஒருமுறை பார்த்தாள். "அமுக்குடி," என்றேன். அமுக்கினாள்.

நான் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் குரலிலேயே அனுப்பினேன். என் மகள் இந்தக் கல்லூரிக்குப் போகிறாள், பிசியோதெரப்பி படிக்கப் போகிறாள், அது எந்தப் பட்டியலிலும் இல்லை, சந்தேகம் இருந்தால் என்னைக் கேளுங்கள். முப்பத்தொரு பேர் அந்தக் குரல்பதிவைக் கேட்டுவிட்டதாகக் காட்டியது. மாமா நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். மரியாதையை நான் குறைக்கவில்லை.

பிள்ளைகளை ஏற்றப் போகிற நேரம் வந்தது. ரயில் நிலையம் வழியில்தான், ஏறுங்கள் என்றேன். முன்சீட்டில் ஏறினார். கிள்ளான் ஆற்றுப்பாலத்தைத் தாண்டிச் சிவப்பு விளக்கில் நின்றபோது, வழி பார்க்க டேஷ்போர்டில் மாட்டியிருந்த என் போன் ஒளிர்ந்தது. குழுவில் இல்லை, எனக்கு மட்டும். ஷாமினி.

'சின்னம்மா, அந்தக் காலேஜுக்கு அடுத்த வருஷம் நானும் அப்ளை பண்ணலாமா? அப்பாகிட்ட இப்ப சொல்லாதீங்க.'

நான் கையை நீட்டுவதற்குள் மாமா கண்ணாடியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டார். முன்னால் குனிந்து மெதுவாகப் படித்தார். திரை அணைந்தது. ஒரு விரலால் தொட்டு மறுபடி அதை எரியவிட்டார்.

பின்னால் ஒரு லோரிக்காரன் ஹாரன் அடித்தான். பச்சை விழுந்து எவ்வளவு நேரமாயிற்றோ தெரியவில்லை.